வலையருகே நிற்பவர் கொடுக்கும் வாக்கு

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஆண்கள் பீச் வாலிபால் இறுதிப்போட்டி. ஒருபுறம் அமெரிக்காவின் டாட் ரோஜர்ஸ், ஃபில் டால்ஹௌசர். மறுபுறம் பிரேசிலின் மார்சியோ அராவுஜோ, ஃபாபியோ லூயிஸ். முதல் செட்டை 23-21 என்று அமெரிக்கர்கள் எடுத்தார்கள். இரண்டாவதை 21-17 என்று பிரேசில் எடுத்தது. மூன்றாவது செட் 15-4. ஒலிம்பிக் தங்கத்துக்காக மோதும் இரண்டு அணிகளுக்கு இடையே கடைசி செட் இப்படி ஒருபக்கமாகச் சாய்வது அபூர்வம். 2.06 மீட்டர் உயரமுள்ள டால்ஹௌசர் வலைக்கு மேலே கையை நீட்டி நிற்க, பிரேசில்காரர்கள் அடித்த பந்து அவர்கள் பக்கமே திரும்பி விழுந்தது.

பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு பீச் வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் காட்டுவது என் வழக்கம். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “சார், அவ்ளோ ஹைட் இருந்தா நானும்தான் பிளாக் பண்ணுவேன்.” அப்போது அதே காட்சியை மறுபடி ஓடவிட்டு, “இந்தத் தடவை டால்ஹௌசரைப் பார்க்காதே, பின்னாடி நிக்கிற ரோஜர்ஸை மட்டும் பாரு” என்பேன். ரோஜர்ஸின் உயரம் 1.88 மீட்டர். முன்னே இருப்பவர் எந்தப் பக்கத்தை மூடுகிறாரோ, அதற்கு மறுபக்கத்தில் அவர் காத்திருப்பார். எதிரே அடிக்க எழும்புகிறவருக்கு ஒரு பக்கம் கை, இன்னொரு பக்கம் ஆள். இடையில் இருக்கிற சின்ன இடைவெளியில் பந்தை நுழைக்கப் பார்ப்பார். அது வெளியே போகும், இல்லாவிட்டால் டால்ஹௌசரின் கையில் படும். ஸ்கோர் அட்டையில் டால்ஹௌசரின் பிளாக் என்று எழுதப்படும் அந்தப் புள்ளியில் பாதி ரோஜர்ஸுடையது.

நான் கல்லூரிக் காலத்தில் உள்ளரங்க வாலிபால் ஆடியவன். நடு பிளாக்கர். எங்களுக்கு பிளாக் என்றால் பந்தை அடித்து வீழ்த்துவது. மணலுக்கு வந்த பிறகுதான் அதன் வேலையே வேறு என்று புரிந்தது. மணலில் பிளாக்கர் செய்வது மைதானத்தின் ஒரு பகுதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. “இந்தப் பக்கம் பந்து வராது, மீதியை நீ பார்த்துக்கொள்” என்று பின்னால் இருப்பவருக்கு வாக்குக் கொடுப்பது. பந்து கையில் படாமலே ஒரு பிளாக் முழு வெற்றி பெறலாம். இதை ஒரு பிள்ளை மனதார ஏற்றுக்கொண்டால் மற்ற நுணுக்கங்கள் தானாக வந்து சேரும். ஏற்காவிட்டால் எவ்வளவு எம்பிக் குதித்தாலும் பயனில்லை.

காரணம் எளிய கணக்குதான். உள்ளரங்கில் ஓர் அணியின் பக்கம் 9-க்கு 9 மீட்டர், 81 சதுர மீட்டர். அதைக் காக்க ஆறு பேர். மணலில் 8-க்கு 8 மீட்டர், 64 சதுர மீட்டர். இரண்டே பேர். ஒருவர் வலைக்குப் போய்விட்டால் பின்னால் இருப்பது ஒருவர்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து 8 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம் போதும். அதற்குள் 64 சதுர மீட்டரையும் ஒருவர் காக்க முடியாது. பாதியை மறந்துவிடலாம் என்று அவருக்குத் தெரிந்தால் மட்டுமே மீதிப் பாதியில் அவருக்கு வாய்ப்பு உண்டு.

இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. கயிறு வைத்துக் காட்டுவேன். ஒரு பிள்ளையை நாற்காலி மேல் ஏற்றி, வலையிலிருந்து 1 மீட்டர் தள்ளி, பந்தை உயரப் பிடிக்கச் சொல்வேன். எதிர்ப்பக்கம் இன்னொருவர் வலையை ஒட்டிக் கைகளைத் தூக்கி நிற்பார். விரித்த இரண்டு கைகளும் சேர்ந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பந்திலிருந்து இரண்டு நைலான் கயிறுகளைப் புறப்படவைத்து, ஒன்றை இடக்கையின் வெளி ஓரமாகவும் மற்றதை வலக்கையின் வெளி ஓரமாகவும் இழுத்துக்கொண்டு போய்ப் பின்கோட்டில் முளையடிப்போம். பந்து ஒரு விளக்கு, கை ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டால், கயிறுகளுக்கு நடுவே இருப்பது அந்தச் சுவரின் நிழல். அந்த நிழலுக்குள் நேராக அடித்த பந்து வராது.

இனி அளந்து பார்க்கலாம். பந்து வலையிலிருந்து 1 மீட்டரில் இருந்தால், பின்கோட்டில் நிழலின் அகலம் 4.5 மீட்டர். மைதானத்தின் அகலமே 8 மீட்டர்தான் என்பதால் பாதிக்கு மேல் மூடியாயிற்று. பந்தைப் பிடித்திருப்பவரை 2 மீட்டருக்குத் தள்ளி நிறுத்தினால் நிழல் 2.5 மீட்டராகச் சுருங்குகிறது. 3 மீட்டருக்குப் போனால் 2 மீட்டர்கூட இல்லை. வலையை ஒட்டி 50 சென்டிமீட்டரில் நிறுத்தினாலோ, நிழல் மைதானத்தின் அகலத்தையே தாண்டிவிடுகிறது.

பிறகு பந்தை மறுபடி 1 மீட்டருக்குக் கொண்டுவந்து, பிளாக்கரைக் கைகளை வலைக்கு அந்தப் பக்கம் 30 சென்டிமீட்டர் நீட்டச் சொல்வேன். கயிற்றை மாற்றிக் கட்டினால் 4.5 மீட்டராக இருந்த நிழல் 6.4 மீட்டராக விரிகிறது. ஒரு முழத்துக்கும் குறைவான நீட்டலில் பின்னால் ஏறத்தாழ 2 மீட்டர் லாபம். கைகளை மேலே தூக்குவதைவிட முன்னே நீட்டுவதில் எவ்வளவு பலன் இருக்கிறது என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அதன்பிறகு “பெனட்ரேஷன்” என்று நான் கத்த வேண்டியதில்லை.

தலைக்கு மேலே தூக்கிப் போடும் பந்துக்கும், பிளாக்கை ஒட்டிச் சின்னதாகத் தட்டிப் போடும் பந்துக்கும் இந்தக் கயிறு பதில் சொல்லாது. அவை பின்னால் இருப்பவரின் கணக்கு. ஆனால் அவை மெதுவான பந்துகள், ஓடி எடுக்க நேரம் இருக்கிறது. பிளாக்கின் நோக்கமே அதுதான். வேகமான அடியை மூடிவிட்டு, மெதுவான பந்தைப் போட வைப்பது.

இனி வாக்கு கொடுக்கும் முறை. சர்வீஸ் போடுவதற்கு முன் வலையருகே நிற்பவர் தன் முதுகுக்குப் பின்னால் கைகளை வைத்துச் சைகை காட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இடது கை தனக்கு இடப்பக்கம் நிற்கும் எதிராளிக்கு, வலது கை வலப்பக்கம் நிற்பவருக்கு. ஒரு விரல் என்றால் லைனை மூடுகிறேன் என்று பொருள். அதாவது அடிப்பவருக்கு நேரே பக்கக்கோட்டை ஒட்டிப் போகும் அடி. இரண்டு விரல் என்றால் கிராஸ்; குறுக்கே எதிர் மூலையை நோக்கிப் போகும் அடி. விரித்த உள்ளங்கை என்றால் பந்தைப் பார்த்து முடிவெடுப்பேன். மூடிய கை என்றால் பிளாக்குக்கே போகமாட்டேன், பின்னால் வந்துவிடுவேன். ஜோடிக்கு ஜோடி சில மாறுதல்கள் இருக்கலாம், அடிப்படை இதுதான்.

ஒரு விரல் காட்டினால் பின்னால் இருப்பவர் கிராஸ் அடிக்குத் தயாராக நிற்பார். லைனில் மேலே தூக்கிப் போட்டால் ஓடி எடுப்பார். இரண்டு விரல் என்றால் லைன் பக்கம் நிற்பார். வலையை ஒட்டிக் குறுக்கே விழும் ‘கட்’ பந்துக்கு முன்னே பாய்வார். அவருடைய முதல் காலடியே அந்த விரலைப் பொறுத்தது.

என்னிடம் பயிலும் இரண்டு பெண்கள் ஒரு போட்டிக்காகத் தயாராகிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பிளாக்கர் ஒரு விரல் காட்டினாள். பந்து மேலே போனது. அடிப்பவள் கிராஸை நோக்கித் தோளைத் திருப்புவதுபோல் தெரிந்ததும் பிளாக்கருக்கு ஆசை வந்துவிட்டது; உள்ளே தாவினாள். பந்து லைனில் போய் விழுந்தது. பின்னால் இருந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஒண்ணு காட்டிட்டு ஏன்டி உள்ள போன?”

“அவ கிராஸ் அடிக்கப் போறான்னு தெரிஞ்சுதுடி.”

“அடிக்கட்டுமே. அதுக்குத்தானே நான் அங்க நிக்கிறேன்?”

பயிற்சியாளராக நான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை. எதிராளியின் நோக்கத்தைச் சரியாகவே படித்தாலும், காட்டிய சைகையை மீறினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் போய்விடுகிறார்கள், மறுபக்கம் திறந்து கிடக்கிறது. தவறான இடத்தை மூடினாலும் சொன்ன இடத்தை மூடுங்கள் என்பேன். அப்போதுதான் அடுத்த சர்வீஸில் சைகையை மாற்றலாமா என்று இருவரும் சேர்ந்து யோசிக்க முடியும். பந்தைப் பார்த்து முடிவெடுக்கும் சுதந்திரம் வேண்டுமானால் அதற்கும் ஒரு சைகை இருக்கிறது. அதைக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

சொன்ன இடத்தை மூட வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொள்ளக் கூடாது. நல்ல அட்டாக்கர்கள் ஓடி வரும்போதே ஒரு கணம் பந்திலிருந்து கண்ணை எடுத்து பிளாக்கைப் பார்ப்பார்கள். அந்தக் கணத்தில் நீங்கள் நடுநிலையில் நிற்க வேண்டும். அவர் பார்வை பந்துக்குத் திரும்பியதும் உங்கள் இடத்துக்குப் போக வேண்டும். பின்னால் இருப்பவரும் அப்படித்தான், நடுவில் நின்று கடைசி நேரத்தில் நகர வேண்டும். எதிராளிக்கு லைனை மூடுவதுபோல் காட்டிவிட்டு கிராஸுக்குக் கையைச் சாய்ப்பது போன்ற ஏமாற்று வேலைகள் உண்டு. எதிராளியை ஏமாற்றலாம், கூட்டாளியை ஏமாற்றக் கூடாது.

அடுத்தது கண். பிளாக்கில் மிக மெதுவாக வளர்வதும் மிக அதிகம் பலன் தருவதும் இதுதான் என்பது என் அனுபவம். புதியவர்கள் பந்து எங்கே போனாலும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்து எதையும் சொல்லாது, அடிக்கப் போகிறவரின் உடம்புதான் சொல்லும். எனவே எதிரணி சர்வீஸை எடுத்ததும் முதலில் பந்து. அது எவ்வளவு நன்றாக எழும்பியது என்று பார்க்க. பிறகு செட் கொடுப்பவர், அதாவது அடிப்பதற்காகப் பந்தை உயர்த்தித் தருபவர். பந்து அவர் கையை விட்டுக் கிளம்பியதும் மறுபடி பந்து. அது வலைக்கு எவ்வளவு தூரத்தில் இறங்கப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும். அதன்பின் பந்தை விட்டுவிட்டு அட்டாக்கரைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி மாற்றம்தான் கடினம். மேலே பந்து தொங்கிக்கொண்டிருக்கும்போது அதைப் பார்க்காமல் இருப்பது மனித சுபாவத்துக்கு எதிரானது. பழக்கினால்தான் வரும்.

அட்டாக்கரிடம் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. வேகமாக ஓடிவந்து, பந்தைத் தலைக்கு முன்னே வைத்துக்கொண்டு எழும்பினால் பலமான அடி வரும். ஓட்டம் தளர்ந்தாலோ, பந்து தலைக்குப் பின்னால் போய்விட்டாலோ வேகமாக அடிக்க முடியாது. தூக்கித்தான் போட வேண்டும். முழங்கை தாழ்ந்தால் ‘கட்’ வரலாம். பந்து அவருடைய உடம்புக்குக் குறுக்கே வெகுதூரம் உள்ளே வந்துவிட்டால் லைனில் பலமாக அடிப்பது சிரமம்.

இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். பிளாக்கர் வலையருகே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார், குதிக்கவே கூடாது. எதிரே ஒருவர் உண்மையாகவே ஓடிவந்து அடிப்பார். பந்தில் கை படுவதற்கு முன் பிளாக்கர் உரக்கச் சொல்ல வேண்டும்: “லைன்”, “கிராஸ்”, “கட்”, “மேல”. முதலில் எல்லாம் பந்து போனபிறகே குரல் வரும். சில வாரங்களில் குரல் முந்திக்கொள்ளும். குதிக்கச் சொல்லாத இந்தப் பயிற்சியைப் பிள்ளைகள் ஆரம்பத்தில் வெறுப்பார்கள். பெற்றோர்களும் “என்ன சார், சும்மா நிக்க வெச்சிருக்கீங்க” என்று கேட்பார்கள். நான் விடமாட்டேன்.

குதிப்பதைப் பொறுத்தவரை, மண் தரையில் ஆடிவிட்டு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரிடமும் ஒரே பழக்கம்: சீக்கிரம் குதித்துவிடுவார்கள். ஊர்களில் விளக்குப் போட்டு இரவு முழுக்க நடக்கும் நாக்-அவுட் போட்டிகளில் வளர்ந்த கால்கள் அவை, கெட்டித் தரைக்குப் பழகியவை. மணல் உந்துதலை வாங்கிக்கொள்ளும். எழும்ப அதிக நேரம் ஆகும், உயரமும் குறையும். அதனால் அவசரம் வருகிறது. இதற்கு மருந்து, முழங்காலை முன்னமே மடக்கி, எழும்பத் தயாரான நிலையில் காத்திருப்பது. கைகள் முகத்துக்கு நேரே இருக்கட்டும். உள்ளரங்கில் செய்வதுபோல் கையைப் பின்னால் வீசி எடுத்துக் குதித்தால் அது வலையில் பட்டுவிடும். பந்து வலையை ஒட்டி இருந்தால் அட்டாக்கரோடு கூடவே எழும்பலாம். 1 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் அவர் எழும்பி, கையை வீசத் தொடங்கும்போது எழும்பினால் போதும். பந்து வலைக்கு வந்துசேர நேரம் எடுக்கும் அல்லவா?

கைகள் வலையை உரசுவதுபோல் ஏறி, உடனே அந்தப் பக்கம் போக வேண்டும். தோள்கள் காதைத் தொடும் அளவுக்கு உயரட்டும். விரல்கள் விரிந்து விறைப்பாக இருக்க வேண்டும், கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். கட்டைவிரலை முன்னே நீட்டினால் சுளுக்கிக்கொள்ளும். பக்கக்கோட்டுக்கு அருகில் இருக்கும் கையை மைதானத்தின் உள்பக்கமாகத் திருப்பிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்கார அட்டாக்கர் அந்தக் கையிலேயே பட்டு வெளியே போகும்படி அடித்துப் புள்ளி எடுத்துக்கொள்வார். கண்ணை மூடக் கூடாது. சொல்ல எளிது, வேகப் பந்துக்கு முன்னால் கண்ணைத் திறந்துவைக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு மெதுவான பந்தில் தொடங்கி வாரக்கணக்கில் பழக்கம் தர வேண்டியிருக்கிறது.

காலையும் கவனிக்க வேண்டும். பீச் வாலிபாலில் நடுக்கோடு கிடையாது. எதிராளியின் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை வலைக்கு அடியில் கால் போவது தவறில்லை. அதனாலேயே அடிப்பவரும் தடுப்பவரும் ஒருவர் காலின் மேல் ஒருவர் இறங்கிக் கணுக்கால் பிசகும் ஆபத்து இருக்கிறது. நேராக எழும்பி, எழும்பிய இடத்திலேயே இரண்டு கால்களிலும் இறங்கச் சொல்கிறேன். முன்னே பாய வேண்டியது கைகள் மட்டும்.

இன்னொரு விதி ஆட்டத்தையே மாற்றுகிறது. உள்ளரங்கில் பிளாக்கில் பந்து பட்டால் அது கணக்கில் வராது, அதற்குப் பின்னும் மூன்று முறை தொடலாம். மணலில் அது முதல் தொடுதலாக எண்ணப்படும். மிச்சம் இரண்டுதான். ஆகவே உள்ளரங்கில் குட்டையான பிளாக்கர்கள் உள்ளங்கையைப் பின்னுக்குச் சாய்த்து, பந்தின் வேகத்தைக் குறைத்துப் பின்னால் அனுப்பும் உத்தி இங்கே அவ்வளவு லாபமில்லை. பந்தை அந்தப் பக்கமே தள்ள வேண்டும். அப்படித் தள்ள முடியாமல் பந்து கையில் பட்டு மேலே எழும்பிவிட்டால், பிளாக்கரே அதை இரண்டாவது முறையும் தொடலாம், விதி அனுமதிக்கிறது. அதனால் இறங்கியதும் நின்று வேடிக்கை பார்க்காமல் உடனே திரும்ப வேண்டும்.

2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வேயின் ஆண்டர்ஸ் மோலிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அவர் உயரம் 2 மீட்டர். அவருடைய அம்மா மெரிட்டா பெர்ன்ட்சென் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இதே ஆட்டத்தை ஆடியவர். மோலின் பிளாக்கைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். இறங்கிய மறுகணம் அவர் திரும்பி, ஓடி, கூட்டாளி கிறிஸ்டியன் சோரம் எடுத்த பந்துக்கு அழகாக செட் கொடுப்பதைப் பாருங்கள். அவருக்கு பிளாக் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

பிளாக்குக்குப் போகாமல் இருப்பதும் பிளாக்கரின் திறமைதான் என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. கயிற்றுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பந்து 3 மீட்டர் தள்ளிப் போய்விட்டால் உங்கள் கை மூடுவது பின்கோட்டில் 2 மீட்டர்கூட இல்லை. அதற்காக ஒரு ஆளை வலையில் நிறுத்துவது வீண். பின்னால் வந்துவிட்டால் இரண்டு பேர் இரண்டு பக்கத்தைக் காக்கலாம். இதை நாங்கள் ‘புல்’ என்போம். செட் மோசமாகப் போகிறது என்று தெரிந்த நொடியில் திரும்பி மூன்று நான்கு எட்டு பின்னால் ஓடி, மறுபடி வலையைப் பார்த்து நிற்க வேண்டும். அடிப்பவர் கை பந்தில் படும்போது உங்கள் கால்கள் அசையாமல் இருக்க வேண்டும். பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும்போது பந்து வந்தால், பக்கத்தில் வந்ததைக்கூட எடுக்க முடியாது. பயிற்சியில் இதற்கு ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறேன்: ஓடிக்கொண்டே எடுத்த பந்துக்குப் புள்ளி இல்லை. எவ்வளவு அருமையாக எடுத்தாலும் இல்லை.

காற்றும் இதில் சேர்கிறது. சென்னையில் பிற்பகலில் கடற்காற்று எழும்பிவிடும். எதிரணியின் முதுகுப் பக்கமிருந்து காற்று வீசினால் அவர்களுடைய செட் வலையை நோக்கி நகரும். அப்போது தைரியமாக பிளாக்குக்குப் போகலாம். நம் முதுகுப் பக்கமிருந்து வீசினால் அவர்கள் பந்து வலையை விட்டு விலகும். ‘புல்’ அதிகம் தேவைப்படும். முதல் இரண்டு செட்களில் 7 புள்ளிக்கு ஒருமுறையும் மூன்றாவதில் 5 புள்ளிக்கு ஒருமுறையும் பக்கம் மாற வேண்டும். ஒவ்வொரு முறை மாறும்போதும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

உயரம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. முக்கியம்தான், அதற்கு வரலாறும் இருக்கிறது. 1980-களின் நடுப்பகுதிவரை அமெரிக்கக் கடற்கரைப் போட்டிகளில் பிளாக்கர் வலையைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது என்றே விதி இருந்தது. அது மாறியபின் உயரமானவர்களின் மதிப்பு ஏறியது. 2000 சிட்னி ஒலிம்பிக்வரை மைதானம் உள்ளரங்கைப் போலவே 18-க்கு 9 மீட்டர். 2004 ஏதென்ஸுக்குள் அது 16-க்கு 8 ஆகச் சுருங்கியது. வலையருகே நிற்பவரின் கை இன்னும் பெரிதாகிவிட்டது. டோக்கியோவில் பெண்கள் தங்கம் வென்ற அமெரிக்காவின் அலிக்ஸ் கிளைன்மன் ஆறரை அடியை நெருங்கும் உயரம். ஆனால் அதற்கு முந்தைய ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மனியின் கீரா வால்கன்ஹார்ஸ்ட் 1.84 மீட்டர்தான். நம் கண்ணுக்கு அதுவும் உயரமாகத் தெரியலாம். சர்வதேச பிளாக்கர்கள் மத்தியில் அது சாதாரணம். அவரும் லாரா லூட்விக்கும் இறுதிப்போட்டியில் பிரேசில் ஜோடியை அவர்களுடைய சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னாலேயே 21-18, 21-14 என்று வென்றார்கள்.

2024 பாரிஸில் தங்கம் வென்ற ஸ்வீடனின் டேவிட் ஆமன், யோனாதன் ஹெல்விக் இன்னொரு திசையைக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் செட் கொடுக்கும்போதே எழும்பிவிடுவார்கள். அந்த இரண்டாவது பந்தையே அடிக்கவும் செய்யலாம், செட்டாகவும் கொடுக்கலாம். எதிரே நிற்கும் பிளாக்கருக்கு யார் அடிக்கப் போகிறார் என்பதே கடைசிவரை தெரியாது. இத்தகைய ஆட்டத்துக்கு எதிரே வெறும் உயரம் போதாது. செட் கொடுப்பவரைப் பார்த்துக்கொண்டே மற்றவரின் ஓட்டத்தையும் கணிக்கும் கண், ஒரு பக்கம் போகத் தொடங்கிய உடம்பை நிறுத்தித் திருப்பும் கால், இரண்டும் வேண்டும். இனி வரும் பிளாக்கர்களை அப்படித்தான் வளர்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். இதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் கட்டிவிட்டு, எட்டாதவர்களை எல்லாம் பின்னால் அனுப்பிவிடுகிறோம். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைக்குப் பதினேழு வயதில் உயரம் வந்தாலும் பிளாக்கின் கண் வராது. சர்வதேச விதிகளே 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2.24 மீட்டர், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2.12 மீட்டர், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2 மீட்டர் என்று வலையை இறக்கிக் கட்டச் சொல்கின்றன. இறக்கிக் கட்டுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் முறைவைத்து வலையருகே நிறுத்துங்கள். முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டச் சொல்லுங்கள், காட்டியதைச் செய்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு கம்பமும் ஒரு வலையும் ஒரு சுருள் கயிறும் இருந்தால் இந்த வாரமே தொடங்கிவிடலாம்.